தூரத்தில் இருப்பவரிடம் கணனி உதவி கேட்பது எப்படி?

மண்சரிவினாலோ வேறு காரணங்களாலோ இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு, காணியும் வீடும் கிடைக்கும்வரை கையிலுள்ள கடதாசிகளே ஆதாரம். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பாடசாலை விடுகைப் பத்திரம் என்பவற்றின் பிரதிகளை இன்று பலர் கணனியிலோ கைத்தொலைபேசியிலோ வைத்திருக்கின்றனர். அந்தக் கணனி ஒருநாள் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?

ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோய்க் காட்டுவதென்றால் ஒருநாள் சம்பளம் போய்விடும். ஆகவே கொழும்பில் வேலை செய்யும் மகனிடமோ வெளிநாட்டிலுள்ள உறவினரிடமோ வட்ஸ்அப் மூலம் உதவி கேட்கிறோம். பல வேளைகளில் அந்த உதவி பயன்படுவதில்லை. இதற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. உதவுகின்றவர் எமது கணனியைப் பார்க்கவில்லை என்பதை இரு பகுதியினரும் மறந்துவிடுகின்றனர்.

கொத்மலையின் அனுபவம்

1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்திற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் இழந்தன. சிலர் அண்டிய தேயிலைக் காணிகளிலும், வேறு சிலர் தூரத்து மகாவலி வலயங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். அப்பகுதி மக்களுக்காக 1989இல் கொத்மலை சமூக வானொலி ஆரம்பமானது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அந்நிலையத்திற்கு இணைய வசதி கிடைத்தது. நேயர்கள் தமது கேள்விகளை அனுப்பினர். அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, அதனை மக்களின் பேச்சுமொழியில் விளக்கினர். கணனியைத் தொட்டிராதவரும் இதனால் பயனடைந்தனர்.

இதில் எமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முகம் காணாதவரிடம் கேட்கும் கேள்வி முழுமையாக இருக்க வேண்டும். ஒருவருக்குக் கிடைத்த விடை அயலவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

கேட்பவர் கவனிக்க வேண்டியவை

"தேயிலைச் செடி கெட்டுப்போய்விட்டது" என்று மட்டும் சொன்னால் விவசாய உத்தியோகத்தரால் மருந்து சொல்ல முடியுமா? எந்த இலையில், என்ன நிறப் புள்ளி, எப்போதிலிருந்து என்று அவர் கேட்பார். கணனிக்கும் இதே முறைதான். பின்வரும் நான்கையும் சொல்லுங்கள்.

1. நீங்கள் செய்ய முயன்றது என்ன?
2. திரையில் தோன்றியது என்ன? ஆங்கிலத்தில் செய்தி வந்தால், அதனை மொழிபெயர்க்காமல் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி அனுப்புங்கள். படம் எடுத்தும் அனுப்பலாம். ஆனால் அடையாள அட்டை இலக்கமோ வங்கி விபரமோ தெரிந்தால் அதனை மறைத்துவிடுங்கள்.
3. அதற்குச் சற்று முன் நடந்தது என்ன? மின்சாரம் தடைப்பட்டதா? இடி விழுந்ததா? புதிதாக ஏதாவது சேர்த்தீர்களா?
4. நீங்களாகவே ஏற்கனவே செய்து பார்த்தது என்ன?

ஓர் உதாரணம்

அறிவகத்தில் தட்டச்சு செய்து வாங்கிய விண்ணப்பக் கடிதத்தை வேறொரு கணனியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் இடையிடையே அரைப்புள்ளிகளும் தோன்றுவதுண்டு. "கடிதம் அழிந்துவிட்டது" என்று சொன்னால், கேட்பவர் வைரஸ் என்று எண்ணி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடச் சொல்லக்கூடும். ஏனைய பிரதிகளும் அத்துடன் போய்விடும்.

உண்மையில் கடிதம் அழியவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக் காட்டுகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அது அரைப்புள்ளியைப் பயன்படுத்துகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளியே தெரியும். திரையில் கண்டதை அப்படியே சொல்லியிருந்தால், விடயம் தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார். பாமினியைச் சேர்த்தால் கடிதம் மீண்டும் தெரியும். யுனிகோட் முறைக்கு மாற்றிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் இராது. 1991 முதல் யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கெனத் தனி இடம் இருக்கிறது.

உதவுபவர் கவனிக்க வேண்டியவை

உதவுகின்ற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் பத்துக் காரியம் சொல்லாதீர்கள். ஒன்றைச் சொல்லி, "இப்போது திரையில் என்ன தெரிகிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு கேள்வி போதும், அம்மாவோ மாமாவோ இனி உங்களிடம் கேட்கவே மாட்டார். எதையும் அழிக்கச் சொல்வதற்கு முன், முக்கியமான பத்திரங்களுக்கு வேறிடத்தில் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லும் பதில் அங்கே ஒரு குடும்பத்தின் பத்திரங்களைப் பறித்துவிடலாம்.

எச்சரிக்கை

தூரத்திலிருந்தே எமது கணனியை இயக்கும் மென்பொருட்கள் உள்ளன. நன்கு தெரிந்தவர், நாமே உதவி கேட்ட வேளையில், நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டுமே அதற்கு இடம் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். கேளாமலே அழைத்து, "உங்கள் கணனியில் பழுது இருக்கிறது, திருத்தித் தருகிறோம்" என்பவர்களை நம்பவேண்டாம். வங்கியின் இரகசிய இலக்கமோ கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடோ கணனியைத் திருத்த ஒருபோதும் தேவைப்படாது. நிவாரணம் தருவதாகச் சொல்லி யாராவது விபரம் கேட்டால், அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துடன் பேசி விசாரியுங்கள்.

ஒரு கொப்பி போதும்

பழுது தீர்ந்ததும் உதவியவருக்கு அதனை அறிவியுங்கள். தீராவிட்டாலும் அறிவியுங்கள், அப்போதுதான் அவர் வேறு வழி தேடுவார். பின்னர் என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்பதை அறிவகத்திலோ உங்கள் சங்கத்திலோ ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த வீட்டுக்காரருக்கு அதே பழுது வரும்போது, கொழும்புக்கு அழைப்பு எடுக்காமல் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.