குடிவழி ஆய்வுக்கு மனவோட்டவரை

சோழ மன்னர் தம் முன்னோர் பெயர்களைச் செப்பேட்டில் வெட்டி வைத்தனர். ஆனைமங்கலச் செப்பேடு என்றும் லெய்டன் செப்பேடு என்றும் வழங்கும் ஏடுகளில் சோழர் குடிவழி விரித்துரைக்கப்பட்டிருக்கிறது. கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையாக அளித்ததைக் கூறும் ஏடு அது. கடாரம் என்பது இன்றைய கெடா. அதே நாகப்பட்டினத்துத் துறையிலிருந்து ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கெடாவுக்கும், பேராவுக்கும், சிலாங்கூருக்கும் ஆயிரம் ஆயிரமாய்க் கப்பலேறிய தொழிலாளர்களுக்குச் செப்பேடும் இல்லை, ஓலையும் இல்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரர்களே இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.

அப்பிள்ளைகளிடம் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லாத ஆசிரியர் இரார். வரும் மரங்களெல்லாம் பெரும்பாலும் ஒரே உயரந்தான். தாய், தந்தை, இருபுறத்துத் தாத்தா பாட்டி; அதற்கு மேல் வெறுங்கட்டங்கள். வெறுங்கட்டத்தோடு கொடுக்க வெட்கப்பட்டு, ஏதோவொரு பெயரை இட்டு நிரப்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மரம் என்பது ஆய்ந்து கண்ட முடிபைக் காட்டுதற்குரிய வடிவம். அதில் பெயருக்கு இடமுண்டு, ஐயத்துக்கு இடமில்லை. பெற்றோருக்கு இடமுண்டு, கப்பலுக்கும் கங்காணிக்கும் இடமில்லை. தோட்டக் குடிகளின் வரலாறோ கப்பலையும் கங்காணியையும் பற்றிக்கொண்டு கிடக்கிறது. ஆதலின் மரத்தைப் பிறகு வரையலாம். முதலில் மனவோட்டவரை ஒன்று வரைக என்பதே ஈண்டு நான் சொல்ல வந்தது.

மனவோட்டவரை ஆசிரியர்கள் அறியாததன்று. ஆங்கிலேயரான டோனி பூசான் 1974-ஆம் ஆண்டில் தொலைக்காட்சித் தொடர் வாயிலாகவும் நூல் வாயிலாகவும் அதைப் பரப்பினார். தாளின் நடுவில் பொருளை எழுதி, சுற்றிலும் கிளைகள் இழுத்து, கிளைக்கு ஒரு சொல் எழுதி, அதிலிருந்து சிறு கிளைகள் பிரிப்பது அதன் முறை. கட்டுரைக்குக் கருத்துத் திரட்ட நாம் அன்றாடம் கையாள்வதுதான். குடிவழி ஆய்வில் இறங்குவோர் இதைக் கையில் எடுத்ததும் நடுவில் 'என் குடும்பம்' என்று எழுதிவிடுகின்றனர். அங்கேதான் காரியம் கெடுகிறது. குடும்பம் என்பது கடல். கிளைகள் ஓடிக்கொண்டே இருக்கும், எங்கும் போய்ச் சேரா. நடுவில் ஓர் ஆளும் ஒரு கேள்வியும் இருத்தல் வேண்டும். தந்தையின் தாத்தா பெயர் முனியாண்டி என்று வைத்துக்கொள்வோம். 'முனியாண்டி எவ்வூரார்? எப்போது வந்தார்?' என்று நடுவில் எழுதுக. அவர் மனைவிக்கு வேறொரு தாள் போடுக. பாட்டியைத் தாத்தாவின் தாளில் ஒரு கிளையாக ஒட்டவைத்தால் பாட்டியின் ஊர் கடைசிவரை தெரியாமலே போகும்.

தாள் பெரிதாயிருத்தல் நலம். பள்ளியில் குழுவேலைக்கு வாங்கும் மாஜோங் தாள் போதும். அதைக் கிடையாக விரித்து, பெயர், ஊர், கப்பல், கங்காணி, தோட்டம், பத்திரங்கள் என்று ஆறு கிளைகள் இழுக்கலாம். இவ்வாறும் எல்லார்க்கும் பொருந்தும் என்பதில்லை. பினாங்கில் கடை வைத்திருந்தவர் பேரனுக்குக் கங்காணிக் கிளை எதற்கு? அவரவர் வீட்டுப் பேச்சில் எவை அடிக்கடி வருகின்றனவோ அவையே அவரவர்க்குக் கிளைகள்.

இவ்வரைபடத்தின் உண்மையான ஆற்றல், தனித்தனியே பயனற்ற இரண்டு செய்திகளைக் கண்ணெதிரே அருகருகே வைத்துவிடுவதில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 'தாத்தா ராஜூலாவில் வந்தாராம்' என்று அத்தை சொல்கிறார். கப்பல் கிளையில் அதைக் குறிக்கிறோம். ராஜூலா கட்டப்பெற்றது 1926-இல். அதன் ஓட்டம் நின்றது 1973-இல். இடையே 47 ஆண்டுகள். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கங்காணிக் கிளையைப் பார்க்கிறோம். 'ஊரிலிருந்து கங்காணி கூட்டிவந்தார்' என்று அங்கே எழுதியிருக்கிறது. உதவிப் பயணத்தில் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதை இந்திய அரசு 1938-ஆம் ஆண்டின் நடுவில் தடை செய்துவிட்டது. ஆகவே 47 ஆண்டுகள் 12 ஆகச் சுருங்கின. இனித் தோட்டக் கிளை. மூத்த மகள் இங்கேயே லயத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் வந்தபோது தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரப்பர்க் காட்டுக்குள் ஓடியவர். அப்போது அவருக்கு எட்டு வயதென்று கொண்டால் பிறப்பு ஏறத்தாழ 1933. தாத்தா வந்தது 1926-க்கும் 1933-க்கும் இடையில் என்று இப்போது சொல்லலாம். ஏழாண்டுக்குள் வந்துவிட்டோம், ஒரு பத்திரமும் இன்னும் பார்க்கவில்லை!

ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்ற செய்தி கிடைத்தால் கணக்கு வேறு. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கப்பற்பெயரிலும் சற்று விழிப்பு வேண்டும். புகழ்பெற்ற கப்பலின் பெயர் புகழில்லாத கப்பல்களின் பெயரை விழுங்கிவிடுவதுண்டு. பெரியவரிடம் கப்பற்பெயரோடு நில்லாமல், எந்தத் துறையில் ஏறினார்கள், இறங்கியதும் எங்கே அடைத்து வைத்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஜெர்ஜாக் தீவு என்று சொன்னால் அது பினாங்கு வழி. போர்ட் சுவெட்டன்ஹாம் என்று சொன்னால் இன்றைய கிள்ளான் துறைமுகம். முதலில் கால்வைத்த தோட்டத்தைத் தேட வேண்டிய திசை அதிலேயே தெரிந்துவிடும்.

நம் பெரியவர்கள் ஆண்டு சொல்வதில்லை, காலம் சொல்வார்கள். வாழைமரக் காசு என்றால் 1942 முதல் 1945 வரை. முள்வேலி, ஊரடங்கு என்றால் 1948-இல் தொடங்கிய அவசர காலம். 'மெர்டேக்காவுக்கு முந்திய தீபாவளி' என்றால் 1956. இவற்றைத் தாளின் ஓரத்தில் ஒரு நிரலாக எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தால், கேட்கும்போதே கணக்கிட்டுவிடலாம். பாட்டியை 'எத்தனையாம் ஆண்டு?' என்று துளைக்க வேண்டியதில்லை.

கங்காணிக் கிளை மற்றொரு வகையிலும் விலைமதிப்புள்ளது. கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும், தன் உறவிலுமே ஆள் சேர்த்தார். எனவே ஒரு கங்காணியின்கீழ் ஒரே லயத்தில் இருந்தவர்கள் ஒரு வட்டாரத்தாராக இருக்கக்கூடும். நம் தாத்தாவின் ஊர் தெரியவில்லையா? அடுத்த வீட்டுத் தாத்தாவின் ஊரைக் கேளுங்கள். குடும்ப மரத்தில் அடுத்த வீட்டுக்காரருக்கு ஏது இடம்? மனவோட்டவரையில் உண்டு.

ஊர்க் கிளையில் எழுதும்போது மாவட்டப் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. பாட்டி 'சேலம் ஜில்லா' என்றிருப்பார்; நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 'திருச்சி ஜில்லா' என்றால் 1995-இல் பிரிந்த பெரம்பலூரையும் சேர்த்துத் தேட வேண்டும். ஊரே தெரியாத வீட்டிலும் குலதெய்வத்தின் பெயர் நிலைத்திருப்பதுண்டு. மாரியம்மன் என்றால் பயனில்லை, எங்கும் இருப்பவள். வேறெங்கும் கேட்டறியாத பெயராயிருந்தால் அதைக் கோடிட்டு வையுங்கள். இன்னுமொன்று. 1969-ஐ ஒட்டி, வேலை அனுமதிச் சட்டத்தின் காரணமாகக் குடியுரிமை இல்லாத நம்மவர் பலர் தமிழகத்துக்குத் திரும்பினர். அப்படிப் போன சிற்றப்பாவோ பெரிய அத்தையோ எந்த ஊரில் போய் இறங்கினார் என்பது பல வீடுகளில் நினைவிருக்கும். அவ்வூரே பழைய ஊராக இருக்க இடமுண்டு.

பெயர்க் கிளைதான் நமக்கு முள். மேல்நாட்டார் குடிவழி நூல்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறச் சொல்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தலைமுறைதோறும் தந்தை பெயர் மாறிவருகிறது. முனியாண்டி மகன் இராமசாமி, இராமசாமி மகன் முனியாண்டி என்று தாத்தா பெயரே பேரனுக்கு வருவதும் வழக்கம். 'பெயரன்' என்ற சொல்லே அதைக் காட்டும். இதனால் தாத்தாவையும் பேரனையும் ஓராளாக்கிவிடும் விபத்து நேரும். கிராணிமார் எழுதிய எழுத்துமுறையோ சொல்லி மாளாது. முனியாண்டியின் இறுதி எழுத்தை ஒருவர் 'ஐ' போட்டு முடிப்பார், மற்றொருவர் 'ஒய்' போட்டு முடிப்பார். மூன்றாமவர் 'முனியன்' என்றே எழுதிவிட்டிருப்பார். கண்ட எல்லா வடிவங்களையும் சிறு கிளைகளாக எழுதுக, எதையும் திருத்தற்க. பெண்களுக்கு வீட்டில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர். தோட்டத்துக்கும் அப்படியே: பலகையில் ஆங்கிலப் பெயர், வாயில் தமிழ்ப் பெயர்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறப்பு, இறப்புச் சான்றுகள், 1948 முதல் வழங்கிய அடையாள அட்டை, பழைய கடப்பிதழ், 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் சந்தா அட்டை, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்று ஆகியவை பெட்டியின் அடியில் கிடக்கும். தோட்டங்கள் கைமாறியபோதும் வீட்டுமனைகளாகியபோதும் ஆபீசில் இருந்த செக்ரோல்கள் குப்பையாகிவிட்டன என்று பலரும் வருந்தக் கேட்டிருக்கிறேன். 1935-இல் தோன்றிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. இறப்பு அறிவிப்புகளில் பிள்ளைகள் பெயரும் வாழ்ந்த ஊரும் ஒருசேர வரும்.

நிறம் பற்றி ஒரு கண்டிப்பு. மனவோட்டவரைக்கு வண்ணம் அழகுக்கு என்று பிள்ளைகள் நினைக்கின்றனர். இங்கே வண்ணம் சான்றுக்கு. பத்திரத்தில் கண்டது கறுப்பு. ஒருவர் வாயால் சொன்னது நீலம், சொன்னவர் பெயரும் சொன்ன தேதியும் அருகே. நாம் கணக்கிட்டு ஊகித்தது சிவப்பு. முன்னர்க் கண்ட '1926-க்கும் 1933-க்கும் இடையில்' என்பது சிவப்பு மையில் நிற்க வேண்டும். இரண்டு அத்தைகள் இரண்டு ஊர் சொன்னால் இரண்டையும் நீலத்தில் எழுதி நடுவே ஒரு கேள்விக்குறி போடுக. மூத்தவர் சொல் என்பதற்காக ஒன்றை அடித்துவிடுதல் மரியாதையாகலாம், ஆய்வாகாது.

நம் திருமண முறைக்கும் இவ்வடிவமே இணங்குகிறது. அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த வீட்டில் ஒருவரே தாத்தாவாகவும் மாமனாராகவும் நிற்பார். மரத்தில் இது சிக்கலாகிவிடும். இங்கே கிளைக்குக் கிளை ஒரு குறுக்குக்கோடு போட்டால் முடிந்தது. கப்பலில் உடன்வந்தவரையும் லயத்தில் உடனிருந்தவரையும் 'மாமா' என்றே அழைத்தனர். அழைத்த முறைக்குப் புள்ளிக்கோடும் பிறந்த முறைக்கு முழுக்கோடும் இட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

சில கிளைகள் சயாமில் போய் முடியும். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளாயிருந்து மாண்ட நேச நாட்டு வீரர் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறைகள் உள்ளன. அவருள் பெரும்பாலார்க்குப் பெயர்ப் பலகையும் உண்டு. நம்மவர்க்கு அப்படி ஏதும் இல்லை. அத்தகைய கிளையில் பிள்ளைகள் '1943-இல் இறந்தார்' என்று எழுத விரைவார்கள். எழுதவிடாதீர்கள். 'தோட்டத்திலிருந்து போனார், திரும்பவில்லை' என்பது வரையே நமக்குத் தெரியும். கூட்டிப்போனது எந்த மாதம், உடன்போனவர் எவர், திரும்பி வந்தவர் எவரேனும் அந்தத் தோட்டத்தில் இருந்தனரா என்று மூன்று சிறு கிளைகளைத் திறந்தபடியே விடுக. திரும்பியவர் சொன்னதை அவர் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அப்பிள்ளைகளுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர் ஒன்றை மறத்தலாகாது. வளர்ப்புப் பிள்ளை, இரண்டாம் தாரம், சாதி, பிறப்புப் பத்திரமில்லாமல் இன்னும் அடையாள அட்டைக்கு அலையும் உறவினர் என்று வீட்டுக்குள் இருக்கவேண்டியவை பல இத்தாளில் ஏறிவிடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டி மதிப்பெண் போடும் பொருள் அன்று இது. தாள் பிள்ளையின் வீட்டில் இருக்கட்டும். வகுப்புக்கு முறையை மட்டும் கொண்டுவரட்டும்.

தாளின் மூலையில் வரைந்த தேதி இருக்க வேண்டும். புதிய செய்திகள் சேர்ந்து நெருக்கமானால் வேறு தாளில் திரும்ப வரைக. பழையதைக் கிழிக்காமல் பின்னால் வைத்துத் தைத்துக்கொள்க. முதல் தாளில் பயனற்றது என்று ஒதுக்கிய ஊர்ப்பெயர், மூன்றாம் தாள் வரையும்போது பழைய அட்டையொன்றின் பின்புறத்தில் எழுதப்பட்டிருக்கக் கிடைப்பதுண்டு. நடுவில் இட்ட கேள்விக்குக் கறுப்பு மையில் விடை வந்த அன்று, அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துக் குடும்ப மரத்தின் வெறுங்கட்டத்தில் எழுதலாம்.