பீமாரிஸ்தானில் மருத்துவரும் முதவல்லியும் முஹ்தஸிபும்

இஸ்லாமிய உலகின் பண்டைய மருத்துவமனைகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் நீரூற்றுகளையும் இலவச உணவையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். பணம் எங்கிருந்து வந்தது, நிர்வகித்தவர் யார், மருத்துவர் தவறிழைத்தால் கேட்டது யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. நோயாளியின் உயிரோ இவற்றின் விடைகளைச் சார்ந்தே இருந்தது.

மம்லூக் சுல்தான் அல்மன்ஸூர் கலாவூன், ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் நிறுவிய பீமாரிஸ்தானை எடுத்துக்கொள்வோம். 'பீமார்' என்பது நோயாளியைக் குறிக்கும் பாரசீகச் சொல். ஃபாத்திமீக்களின் பழைய அரண்மனையொன்றே மருத்துவமனையாயிற்று. காய்ச்சலுக்கும் கண்நோய்க்கும் அறுவை சிகிச்சைக்கும் தனித்தனிக் கூடங்கள், பெண்களுக்குத் தனிப்பகுதி. உடல்நோய் மருத்துவர், கண் மருத்துவரான கஹ்ஹால், எலும்பு முறிவைச் சீராக்கும் முஜப்பிர் எனப் பணிகளும் பிரிந்திருந்தன.

இவர்களுடைய ஊதியத்தை நோயாளி தரவில்லை. வக்ஃபாக விடப்பட்ட சொத்துகளின் வருவாயே மருந்தாகவும் ஊதியமாகவும் மாறியது. அதனை நிர்வகித்தவர் நாழிர். நம் வழக்கில் முதவல்லி. செல்வர், வறியவர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி, குணமாகும்வரை சிகிச்சை தர வேண்டும் என்பது வக்ஃபு பத்திரத்தின் நிபந்தனை. வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் ஏழைக்கும் மருந்து அனுப்பவும், இறந்தவரைக் கஃபனிட்டு அடக்கவும் அதில் வழிசெய்யப்பட்டிருந்தது. மருத்துவமனையின் கடமை அதன் வாசலோடு முடிந்துவிடவில்லை என்பதே இங்கு நம் கருத்தைக் கவர்வது.

மூன்றாமவர் முஹ்தஸிப். அங்காடியில் எடைக்கல்லைச் சோதிப்பவரே மருத்துவரையும் கண்காணித்தார். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷைஸரீயின் ஹிஸ்பா நூல் இதனை விரித்துரைக்கிறது. கண் மருத்துவர், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றி எழுதிய பத்துக் கட்டுரைகளில் தேர்வு பெற வேண்டும். மருத்துவர் தாம் எழுதும் மருந்துக் குறிப்பின் படியொன்றை நோயாளியின் வீட்டாரிடம் தர வேண்டும். நோயாளி இறந்தால் வீட்டார் அதனைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். பிழை தெரிந்தால், சிகிச்சையளித்தவரிடம் தியத் எனும் ஈட்டுத்தொகையைக் கோரலாம். இத்தகைய எச்சரிக்கை பக்தாதில் முன்பே தோன்றியிருந்தது. ஹிஜ்ரி 319இல் (கி.பி. 931) ஒருவர் தவறான சிகிச்சையால் இறக்கவே, கலீஃபா அல்முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித்தைக் கொண்டு நகரின் மருத்துவர்களைத் தேர்வுக்கு உட்படுத்தினார். தேர்வெழுதியோர் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் என வரலாற்றாசிரியர் குறிப்பர்.

ஹிஸ்பா நூல்கள் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை. எல்லா ஊரிலும் அப்படியே நடந்தது என்பதற்கு அவை சான்றாகா. முஹ்தஸிப் மருத்துவம் அறியாதவர். ஆகவே தீர்ப்பு தலைமை மருத்துவரின் கைக்கே சென்றது. சக மருத்துவரைச் சக மருத்துவரே விசாரித்தார். மன்ஸூரீ பீமாரிஸ்தானின் நாழிர் பதவியோ பெரும்பாலும் உயர் அமீர்களிடமே இருந்தது. வாளேந்தியவரிடம் கணக்குக் கேட்கத் துணிந்தவர் எத்தனை பேர்?

அப்பதவியைவிட அறத்தை மதித்தவர்களும் இருந்தனர். நுரையீரல்வழி இரத்த ஓட்டத்தை விளக்கிய இப்னுந் நஃபீஸ் (இறப்பு 1288), தம் வீட்டையும் நூலகத்தையும் இம்மருத்துவமனைக்கே வழங்கிச் சென்றார். ஆயினும் காலப்போக்கில் வக்ஃபு வருவாய் சுருங்கியது. மருத்துவமனையும் உடன் நலிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே வளாகத்தில் ஒரு கண் மருத்துவமனை எழுப்பப்பட்டது.