நீர் வடிந்தால் யானை வரும்

புதுப்பட்டினத்தில் வாழும் நமக்கு வேடந்தாங்கல் புதிய இடமன்று. மார்கழி, தை மாதங்களில் ஏரி நிறைந்திருக்கும்போது சென்றால், நீரில் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகளைக் காணலாம். ஏரி வற்றினால் அவை போய்விடும். கடலுக்கு அப்பால், இலங்கையில், இதற்கு நேர்மாறான ஓர் ஏரி உண்டு. அங்கே நீர் குறையக் குறையத்தான் விலங்குகள் கூடுகின்றன. அதுவும் யானைகள்! காரணம் என்ன?

மின்னேரியாக் குளம்

நாம் ஏரி என்பதை இலங்கைத் தமிழர் குளம் என்பர். பொலன்னறுவை மாவட்டத்திலுள்ள மின்னேரியாக் குளத்தை ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகாசேன மன்னன் கட்டினான். அதைச் சூழ்ந்த காடு 1997இல் தேசியப் பூங்காவாயிற்று. ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட காலத்தில் 200, 300 யானைகள்கூட இங்கே ஒன்றாக மேய்வதுண்டு. அதைக் காணப் பல நாட்டுப் பயணிகளும் வருகின்றனர்.

ஒரு சிறு சோதனை

ஒரு டம்ளரிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டிலும் நீர் நிரப்புங்கள். இரண்டிலும் அரை சென்டிமீட்டர் நீரை எடுத்துவிடுங்கள். டம்ளரில் நீர்ப்பரப்பு மாறுவதில்லை. தட்டிலோ விளிம்பு அகலமாக வெளியே தெரியும். ஏரி, தட்டைப் போன்றது. கரையருகே ஆழம், எதிர்ப்புறமுள்ள உள்வாய் மெல்லச் சரிந்த நிலம்.

200 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் உயரும் சரிவு என வைத்துக்கொள்வோம். நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் 200 மீட்டர் அகல நிலம் வெளிப்படும். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இது 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர்! அது ஈரமும் வண்டலும் நிறைந்த நிலம். வெயில் பட்டதும் பசும்புல் முளைக்கிறது. சுற்றிலும் காடு காய்ந்திருக்கும் காலம் அது. நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீனி தேவைப்படும் யானைக்கு வேறென்ன வேண்டும்?

வடகிழக்குப் பருவமழையில் நிறையும் குளத்திலிருந்து, சிறுபோக நெல்லுக்காக மதகைத் திறப்பதால்தான் நீர் இறங்குகிறது. ஆகவே பயணியின் இலையில் விழும் சோறும், அவர் காணும் யானையும் ஒரே நீரின் விளைவுகள். நம் சந்தையில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலாப்பியா மீனும் இத்தகைய குளங்களில் பிடிபடுவதே.

நீர் கூடினால் தீமையா?

2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் பயன்பாட்டுக்கு வந்தது. உழவர்க்கு அது பெரும் உதவி. ஆனால் அதன் நீர் வந்து சேர்வதால், வறண்ட காலத்திலும் மின்னேரியாவின் நீர்மட்டம் உயர்ந்தே நின்ற ஆண்டுகள் உண்டு. புல்வெளி மூழ்கியது, யானைக் கூட்டமும் மெலிந்தது. புல் கிடைக்காத யானை வயலைத் தேடும் அன்றோ? 2023இல் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றில் பலவற்றின் சாவுக்கு மனிதச் செயலே காரணம். யானைகளால் 100க்கு மேற்பட்ட மனிதர்களும் உயிரிழந்தனர்.

வறண்ட காலம் தொடங்குமுன் நீரைச் சிறிது இறக்கிவைக்க வேண்டுமென்று வனவிலங்கு ஆர்வலர் கேட்கின்றனர். எத்தனை மீட்டர், எந்த மாதத்தில் என்பதை உழவரும் பொறியாளரும் சேர்ந்து கணக்கிட்டால் நெல்லும் விளையும், புல்லும் முளைக்கும்.

அடுத்த முறை மதுராந்தகம் ஏரிக்கரையில் நிற்கும்போது எதிர்ப்புறச் சரிவைக் கவனியுங்கள். ஏரிக்கு நிறைவது மட்டுமன்று, வடிவதும் ஒரு பணியே என்பது விளங்கும்.