கரும்பச்சை இலையும் உதிரும் பூவும்

கொச்சிச் செடி கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். ஆனால் பூ தங்காது, நுனி இலைகள் சுருளும். எழுவான்கரையில் வீட்டுத்தோட்டம் செய்யும் பலருக்கும் தெரிந்த கவலை இது. "பசளை போதாது" என்று இன்னொரு பிடி யூரியா போடுவார்கள். எனக்கென்னவோ அந்தக் கரும்பச்சையிலேதான் சந்தேகம்.

படுவான்கரை வயல்மண் நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை மண்ணோ மணல். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். மொத்தமாகப் போட்டால் செடி ஒரு பகுதியை அவசரமாக உறிஞ்சும். மீதியில் பெரும்பங்கு மழையோடு நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். நாம் குடிக்கும் கிணறும் அதே மணலில்தான் இருக்கிறது.

நைதரசன் மிகுந்த செடி இலையும் தண்டுமாக வளர்ந்து, பூப்பதைப் பிற்போடும். அதன் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும், இலை மென்மையாகும். அழுக்கணவனுக்கு அது விருந்து. வயலில் யூரியா மிஞ்சினால் அறக்கொட்டி பெருகுவதும் இதனாலேயே.

பூச்சி இலையைத் தின்றால் பூவுக்கு என்ன? இலை கடிபட்டதும் செடிக்குள் ஜஸ்மோனிக் அமிலம் என்ற ஓமோன் கூடுகிறது. அதன் நெருங்கிய உறவான மெதைல் ஜஸ்மோனேற்றை 1962இல் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பெயரும் மல்லிகையிலிருந்தே வந்தது. நாம் ஆசைப்படும் மணத்துக்குள் செடிகளின் அபாயச் செய்தியும் இருக்கிறது! இந்த ஓமோன் கசப்பும் நச்சுமான பொருட்களைச் செய்யத் தூண்டும். அதற்குச் செலவாகும் சக்தி பூவுக்குச் சேரவேண்டியது. அதனால் பல செடிகளில் பூ குறையும், சிறுக்கும். தேன் குறைந்தால் தேனீயும் குறையும். கொச்சி தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆண்பூவும் பெண்பூவும் வேறான பூசணிக்கும் பாகலுக்கும் தேனீ வராவிட்டால் காய் இல்லை. பனிப்பூச்சியோ பூவுக்குள்ளேயே புகுந்து சுரண்டும்.

அதற்காக யூரியாவை ஒரேயடியாக விடவும் சொல்லமாட்டேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது நெல் விளைச்சல் விழுந்ததை எல்லா வீடும் அறியும். நன்றாக உக்கிய மாட்டெருவையும் உமிக்கரியையும் மணலில் கலந்தால் நீரும் சத்தும் தங்கும். எருவிலுள்ள நைதரசன் மெதுவாகவே வெளிவரும். யூரியா தேவையானால் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடலாம்.

உம்மா இம்முறை ஐந்து கொச்சிச் செடிக்கு எருவும் உமிக்கரியும், ஐந்துக்கு வழமைபோல யூரியாவும் வைத்திருக்கிறா. வெள்ளிக்கிழமைகளில் நான் பூக்களை எண்ணிக் கொப்பியில் எழுதுகிறேன், உதிர்ந்து கிடப்பவற்றையும் சேர்த்து.