எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



வாரத்துல அஞ்சு நாள் லேப்டாப், மீதி ரெண்டு நாள் மொபைல். இதுக்கு நடுவுல "கையால ஏதாவது செஞ்சு பார்க்கணும்"னு தோணுறது ரொம்ப நல்ல விஷயம். எலக்ட்ரானிக்ஸ் கிட் அதுக்குச் சரியான பொழுதுபோக்கு. ஆனா இதுல பணம் சத்தமில்லாம கரையும். அதனால எங்க வாங்கலாம், எவ்வளவு ஒதுக்கலாம்னு இன்னைக்குத் தெளிவா பார்த்துடலாம்.

கலசப்பாக்கத்துல இருந்து நிமிர்ந்து பார்த்தா ஜவ்வாது மலை தெரியும். அதே மலைத்தொடர்ல இருக்கிற காவலூர் வானியல் ஆய்வகத்துல, 1968-ல் பயன்பாட்டுக்கு வந்த முதல் தொலைநோக்கி வெறும் 38 செ.மீ. விட்டம்தான். அதுவும் வெளிநாட்டுல வாங்கினது இல்லை, கொடைக்கானல்ல நம்ம ஆட்களே செஞ்சது. அங்கேயே 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. சின்னதா ஆரம்பிச்சு, அதைப் பயன்படுத்திக் கத்துக்கிட்டு, அப்புறம் பெருசாக்குறது. நம்ம பட்ஜெட்டுக்கும் இதே வழிதான்.

எந்த கிட்டில் ஆரம்பிக்கலாம்?

முதல் கிட் மலிவா இருக்கணும், ஒரே வார இறுதியில முடியணும். 555 டைமர் ஐசி 1972-ல் சந்தைக்கு வந்தது. இன்னைக்கும் சில ரூபாய்க்குக் கிடைக்குது. அதை வச்சு எல்இடி மினுக்கி, பஸர், சின்ன அலாரம் எல்லாம் செய்யலாம். புரோகிராமிங் தெரியும்னா ஆர்டுயினோ ஊனோ, இல்லன்னா ராஸ்பெரி பை பிக்கோ. பிக்கோ 2021-ல் வந்தப்போ அறிவிச்ச விலை 4 டாலர்தான். ஆர்டுயினோவோட வரைபடங்கள் எல்லாருக்கும் திறந்து விடப்பட்டவை. அதனால அதே வடிவத்துல மற்ற நிறுவனங்கள் செய்யுற போர்டு குறைந்த விலையில கிடைக்கும். கத்துக்க அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை: ஆரம்பத்துல 5 வோல்ட் யூஎஸ்பி அல்லது 9 வோல்ட் பேட்டரியோட நிறுத்திக்கோங்க. வீட்டு 230 வோல்ட் லைனைத் தொடுற கிட், லித்தியம் பேட்டரி சார்ஜர் கிட் ரெண்டும் அனுபவம் வந்த பிறகுதான்.

எங்க வாங்குறது?

சென்னையில வேலைன்னா அண்ணா சாலை பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூருன்னா எஸ்.பி. ரோடு. உதிரியா நாலு ரெசிஸ்டர், ரெண்டு ஐசி வேணும்னா நேர்ல போறதுதான் லாபம். ஊர்ல இருந்து வேலை பார்க்கிறவங்களுக்கு ஆன்லைன் வசதி. ஆனா மூணு விஷயம் பாருங்க.

முதலாவது, காட்டுற விலையில ஜிஎஸ்டி சேர்ந்திருக்கா? சில தளங்கள்ல வரி கடைசிப் பக்கத்துலதான் ஏறும். 1,000 ரூபாய் கிட்டுக்கு 18% வரி 180, கூரியர் 80-ன்னு வச்சுக்கிட்டா உண்மையான விலை 1,260. நாம சம்பளக்காரங்க. கடைக்காரர் மாதிரி இந்த வரியை உள்ளீட்டு வரவா எடுத்துக்க முடியாது.

இரண்டாவது, "இன்னும் 200 ரூபாய்க்கு வாங்கினா டெலிவரி இலவசம்"னு வரும். 80 ரூபாயை மிச்சம் பிடிக்க, தேவையில்லாத 200 ரூபாய் சென்சாரை வாங்காதீங்க.

மூணாவது, வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா சுங்க வரி உண்டு. 5,000 ரூபாய் வரை 'பரிசு'ன்னு வரியில்லாம வந்த வழியை 2019 டிசம்பர்லயே மூடிட்டாங்க.

பில்லைக் கட்டாயம் வாங்கி வச்சுக்கோங்க. போர்டு வேலை செய்யலை, கடைக்காரரும் மாத்தித் தரலைன்னா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் கொடுக்க அந்தப் பில்தான் ஆதாரம்.

ஆடிட்டர் கணக்கு

செலவை ரெண்டாப் பிரிங்க. 25 வாட் சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், கட்டர், பிரெட்போர்டு எல்லாம் மூலதனச் செலவு. ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்கா உழைக்கும். இதுல தரமானதை வாங்கலாம். கிட், ஈயம், வயர் எல்லாம் நடப்புச் செலவு. இதுக்கு மாசம் ஒரு தொகை, உதாரணமா 500 ரூபாய், சம்பளம் வந்த அன்னைக்கே தனியா எடுத்து வைங்க. அந்த மாசம் வாங்கலைன்னா அது அடுத்த மாசத்துக்குச் சேரட்டும்.

அடுத்து, நிறைய பேர் போடாத கணக்கு ஒண்ணு இருக்கு. 800 ரூபாய் வீதம் அஞ்சு கிட் வாங்கி, ஒண்ணை மட்டும் முடிச்சிருந்தா, அந்த ஒரு கிட்டோட அடக்க விலை 800 இல்லை, 4,000. மீதி நாலும் அலமாரியில தூங்குற சரக்கு. அதனால ஒரே விதி: கையில இருக்கிறது முடியாம அடுத்தது ஆர்டர் கிடையாது.

இஎம்ஐ வேண்டவே வேண்டாம். 'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும் செயலாக்கக் கட்டணம் 199, அதுக்கு 18% ஜிஎஸ்டின்னா கிட்டத்தட்ட 235 ரூபாய். 3,000 ரூபாய் கிட்டுக்கு அது ஏறக்குறைய 8% கூடுதல் விலை.

காசு வர ஆரம்பிச்சா?

நண்பரோட தோட்டத்துக்குத் தண்ணி மோட்டார் டைமர் செஞ்சு கொடுத்து காசு வாங்கினா சந்தோஷம்தான். ஆனா இதைத் தொடர்ந்து செஞ்சு சம்பாதிச்சா அது தொழில் வருமானம். அந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-3 அல்லது ஐடிஆர்-4 தான். அதனால முதல் கிட்ல இருந்தே ஒரு நோட்டுல வரவு செலவு எழுதுங்க.

அவசர கால நிதியும் எஸ்ஐபியும் போன பிறகு மிஞ்சுறதுல பொழுதுபோக்குக்கு ஒரு பங்கு எடுக்குறது வீண் செலவு இல்லை. இந்த மாசம் ஒரு சின்ன கிட் வாங்கி, எல்இடி எரியுற வரைக்கும் விடாம முடிச்சுப் பாருங்க. அடுத்த கிட்டைப் பத்தி அதுக்கப்புறம் யோசிக்கலாம்.