சிறிய சித்திரமும் பெரிய திரையும்

கணிப்பொறித் திரைக்குப் பின்னணியாக அமைக்கும் சித்திரத்தை ‘வால்பேப்பர்’ என்பர். ஜப்பான் நாட்டு ‘அனிமே’ அசைபடங்களின் கதாபாத்திரங்களை இவ்வாறு அமைத்து மகிழ்வோர் இன்று பல நாடுகளிலும் உளர். அவர்களுக்குக் கிடைக்கும் சித்திரம் பெரும்பாலும் சிறியது. நிரப்பவேண்டிய திரையோ பெரியது. சிறியதைப் பெரிதாக்கும்போது, மூலத்தில் இல்லாத நுட்பம் எங்கிருந்து வருகிறது? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் உழைத்துள்ளனர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். திரையில் தோன்றும் எப்படமும் ‘பிக்சல்’ என்னும் நுண்புள்ளிகளால் ஆனது. அகலத்தில் 960, உயரத்தில் 540 புள்ளிகள் கொண்ட சித்திரத்தில் மொத்தம் 5,18,400 புள்ளிகள் உள்ளன. அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160 என அமைந்த திரைக்கோ 82,94,400 புள்ளிகள் வேண்டும். அதாவது, 16 புள்ளிகளில் ஒன்றுக்குரிய செய்தியே நம்மிடம் இருக்கிறது. எஞ்சிய 15-ம் ஊகமேயாகும்.

இருக்கும் புள்ளியையே மீண்டும் மீண்டும் வைத்து நிரப்புவது எளிய வழி. அதில் சாய்கோடுகள் படிக்கட்டுகளைப்போல் உடைந்து தோன்றும். அண்டையிலுள்ள 4 புள்ளிகளின் சராசரியை எடுப்பது அடுத்த வழி. 16 அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணிக்கும் முறையொன்றை ராபர்ட் கீஸ் என்பவர் 1981-இல் விளக்கினார். இம்முறைகளில் படிக்கட்டு மறைகிறது. ஆனால் மங்கல் புகுந்துவிடுகிறது. கருங்கோட்டுக்கும் வெண்கன்னத்துக்கும் இடையே சராசரி கண்டால் சாம்பல் நிறந்தானே கிட்டும்?

அனிமேச் சித்திரத்தில் இம்மங்கல் உடனே கண்ணில் உறுத்தும். அதன் வரலாறே காரணம். ஒளி ஊடுருவும் தாள்களில் கோடுகளைப் பதித்து, அத்தாளின் பின்புறம் வண்ணம் தீட்டுவது பழைய முறை. ஒசாமு தெசூகாவின் ‘டெட்சுவான் ஆட்டம்’ என்ற படத்தொடர் 1963 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு படம் அளிக்கவேண்டிய நிலையில் சிக்கனம் இன்றியமையாததாயிற்று. தெளிவான வரம்புக்கோடு, அதனுள் ஒரே சீரான நிறம், ஓரிரு படி நிழல் என்ற இலக்கணம் வேரூன்றியது. தாள் போய்க் கணிப்பொறி வந்தபின்னும் அவ்விலக்கணம் பெரும்பாலும் மாறவில்லை.

இலக்கணம் உள்ள இடத்தில் ஊகம் எளிது. சிதைந்த ஏட்டில் விட்டுப்போன எழுத்தை மொழியறிந்தவர் இட்டு நிரப்புவதில்லையா? 2014-இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாவ் டோங் முதலியோர், இத்திறனை யந்திரத்துக்குப் பயிற்றும் முறையை வெளியிட்டனர். பெரிய படத்தைச் சிறிதாக்கி யந்திரத்திடம் கொடுப்பர்; அது மீண்டும் பெரிதாக்கித் தருவதை மூலத்தோடு ஒப்பிடுவர்; பிழைக்கேற்ப யந்திரத்தின் எண்களைத் திருத்துவர். இவ்வாறு எண்ணற்ற முறை நிகழும். இவ்வழியைப் பின்பற்றி, அனிமேச் சித்திரங்களுக்கென்றே ‘வைஃபு2எக்ஸ்’ என்னும் கருவி 2015-இல் தோன்றியது. 2021-இல் வந்த ‘ரியல்-ஈஎஸ்ஆர்கான்’ முறையிலும் இச்சித்திரங்களுக்கெனத் தனி அமைப்பு உண்டு. ‘ஜேபெக்’ முறையில் சுருக்கப்பட்ட படங்களில் கோடுகளைச் சுற்றி மொய்க்கும் மாசினையும் இவை நீக்குகின்றன.

எனினும் ஏட்டை நிரப்புவோர் பாடபேதம் புகுத்துவதும் உண்டு. கண்மணியிலுள்ள சிறு ஒளித்துளி பெருத்துவிடுகிறது. மெல்லிய இமைமயிர்கள் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன. தூரிகைத் தடம் தெரியத் தீட்டிய மேகமும் மரமும் மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகின்றன. யந்திரத்துக்கு இது பிழையாகத் தெரியாது; கூர்மையைக் கண்டு மயங்கும் நமக்கும் தெரிவதில்லை. ஆகையால் மாசு நீக்கத்தைக் குறைந்த அளவில் தொடங்குவதே நலம். பெரிதாக்கிய படத்தை மீண்டும் பழைய அளவுக்குச் சுருக்கி, மூலத்தின்மீது வைத்துப் பார்க்கலாம். வேறுபட்டால் யந்திரம் வரம்பு மீறிற்று என்பது உறுதி. ஒத்துப்போனாலோ, ஊகம் பொருந்தக்கூடியது என்று மட்டுமே கொள்ளலாம்.

சித்திரத்துக்கு அசைவூட்ட விரும்புவோருக்கு மற்றொரு சிக்கல் உண்டு. கதாபாத்திரத்தையும் பின்னணியையும் வெவ்வேறு அடுக்குகளாகப் பிரித்து, அருகிலுள்ளதை மிகுதியாகவும் தொலைவிலுள்ளதைக் குறைவாகவும் நகர்த்தினால் ஆழம் தோன்றும். உத்தி புதிதன்று, அடுக்கடுக்கான கண்ணாடித் தளங்களைப் படம்பிடிக்கும் காமிராவை 1937-இலேயே டிஸ்னி நிறுவனத்தார் ‘தி ஓல்ட் மில்’ படத்தில் கையாண்டனர். அங்கே பின்னணி முழுமையாகத் தீட்டப்பட்டிருந்தது. இங்கோ கதாபாத்திரத்தைக் கத்தரித்து எடுத்தால் அவ்விடத்தில் வெறும் பள்ளமே மிஞ்சும். பின்னணியைவிடக் கதாபாத்திரம் இருபுறமும் 20 புள்ளிகள் மட்டுமே கூடுதலாக நகருமானால், அதன் விளிம்பை ஒட்டிய ஒடுங்கிய பட்டையைத் தீட்டினாலே போதும். அசைவை அடக்கி வைத்தல் கண்ணுக்கு இதம். கற்பனையாக நிரப்பும் பரப்பும் குறைகிறது.

பிறர் படைப்பை அவர் விருப்பத்துக்கு மாறாகத் திரிப்பதினின்று காக்கும் உரிமை, ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவிலும், நமது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவிலும் இடம்பெற்றுள்ளது. திருத்திய படத்தைப் பிறருக்கு வழங்குமுன் ஓவியரின் இசைவைப் பெறவேண்டும். மூலக்கோப்பை அழிக்காமல் வைத்து, முடிந்த படத்தைச் செய்தி இழக்காத ‘பிஎன்ஜி’ வடிவில் சேமிக்கலாம். சேமிக்குமுன் படத்தின் மூலையையும் ஒருமுறை உற்று நோக்குக. ஓவியர் சிறிதாக இட்ட கையொப்பத்தை எழுத்தென்று அறியாத யந்திரம், அதைப் பெரும்பாலும் பொருளற்ற கிறுக்கலாக மாற்றியிருக்கும்.