துப்பாக்கிக்குக் கணக்கு வைத்தோம், புல்லுக்கு வைத்தோமா?

நீலகிரியில் துப்பாக்கியும் கையுமாக மலையேறிய வெள்ளைக்காரர்கள் 1877-இல் ஒரு வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டுகளில், 1879-இல், சென்னை மாகாண அரசு நீலகிரிக்கென்றே வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நினைத்தவர் நினைத்தபோது சுட்ட காலம் போய், உரிமம், தடைக்காலம் என்று வரைமுறைகள் வந்தன. அந்தச் சங்கம், நீலகிரி வனவிலங்கு மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் என்று பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. மலையாடான வரையாட்டைக் காப்பாற்றியவர்களே வேட்டைக்காரர்கள்தான் என்று வாதிடுவோர் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். அதை அழித்தவர்களே அவர்கள்தான் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் இருவர் பார்வையும் துப்பாக்கி மேலேயே இருக்கிறது. வரையாட்டின் தலையெழுத்தைப் பெரிதும் மாற்றியது அது மேய்ந்த புல்வெளிக்கு நேர்ந்த கதி.

வரையாட்டு வேட்டைக்குத் திட்டமிடுவது குறிபார்ப்பதைவிடக் கடினமான வேலை. தொலைவில் அசைவதைக் கண்டுகொள்ளும் கூரிய கண் வரையாட்டுக்கு உண்டு. மந்தை மேயும்போது ஒன்றிரண்டு தலைதூக்கிக் காவல் பார்க்கும். ஆபத்து என்று தெரிந்த மறுகணம், மனிதன் கால்வைக்க முடியாத செங்குத்துப் பாறைகளில் இறங்கிவிடும். பகை பெரும்பாலும் கீழிருந்தே வரும் என்று அது எதிர்பார்ப்பதால், அனுபவசாலிகள் மேலிருந்து இறங்கி நெருங்கவே வழி பார்த்தார்கள். காற்றும் கணக்கில் சேர வேண்டும். இரவின் குளிரில் சரிவில் கீழிறங்கும் காற்று, வெயில் ஏறியதும் திசை மாறி மேல்நோக்கி வீசும். முகட்டில் இருப்பவனின் வாடை அப்போதுதான் கீழே மேயும் மந்தைக்குப் போகாமல் இருக்கும். பிறகு மந்தையில் எது முதிர்ந்த கடா என்று பார்க்க வேண்டும். உடல் கருத்து, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிறிய திட்டு விழுந்திருந்தால் அதுதான் முதிர்ந்த கடா. கடைசியாக, குண்டடிபட்ட ஆடு எங்கே விழும் என்பது. அதல பாதாளத்தில் விழுந்தால் யாருக்கும் பயனில்லை. ஆக, மலையைத் தெரியாதவனால் திட்டமே போட முடியாது. அந்த மலையறிவில் பெரும்பங்கு துரைமார்களுக்கு வழிகாட்டிய பழங்குடி மக்களுடையது.

முதிர்ந்த கடாவைத் தேர்ந்து சுடும் இந்த ஒழுங்கு உண்மையிலேயே பலன் தந்ததா? ஓரளவுக்குத் தந்தது. பெட்டைகளையும் குட்டிகளையும் விட்டு முதிர்ந்த கடாக்களை மட்டும் குறிவைத்தால் மந்தை பெருகுவது நிற்காது. ஆனால் இதைத் தருமம் என்று எழுதிவிட முடியாது. அடுத்த ஆண்டும் சுட வேண்டுமே என்ற அக்கறைதான் அது. சுடத் தகுந்தது என்று அவர்கள் கருதியதற்குத்தான் இந்தச் சலுகை. வேட்டைக்குப் போட்டியாக வந்த செந்நாய்க்குத் தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுத்தார்கள். உரிமம் வாங்கக் காசுள்ளவன் வேட்டைக்காரன் ஆனான்; தலைமுறைகளாக அந்தக் காட்டிலேயே வாழ்ந்தவன் சட்டத்தின் கண்ணில் திருடன் ஆனான். இந்தக் குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டாலும் ஓர் உண்மை மிஞ்சுகிறது: எத்தனை, எப்போது, எதை என்ற மூன்று கேள்விகளுக்கு அன்றைய விதிகளில் பதில் இருந்தது.

நிலத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. நீலகிரியின் மேல்மட்டத்தில், மடிப்புகளில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாக இருப்பதே இயற்கை. மரமில்லாத புல்வெளி, வருவாய் பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா கிடக்கும் தரிசு. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலிய வேலமரமான வாட்டிலும், எண்ணெய்க்கும் கூழுக்கும் என்று யூகலிப்டஸும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இது அரசுத் திட்டமாகவே வேகம் பிடித்தது. குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளும் பள்ளத்தாக்குகளில் எழுந்தன. உரிமம் இல்லாமல் ஒரு கடாவைச் சுட்டவன் சட்டப்படி குற்றவாளி. நூறு கடாக்கள் மேயும் புல்வெளியை வாட்டில் தோப்பாக்கியவருக்கோ அது வளர்ச்சிப் பணி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வரையாடு முதல் அட்டவணையில் சேர்ந்தபோது துப்பாக்கி ஓய்ந்தது. வாட்டில் ஓயவில்லை, விதை விழுந்த இடமெல்லாம் தானாகவே முளைத்துக்கொண்டிருந்தது.

கேரளத்தின் மூணாறு மலையை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கேயும் தோட்டத் துரைமார்கள்தான் வேட்டைச் சங்கம் வைத்திருந்தார்கள். முதுவர் பழங்குடியினர்தான் காவல் பார்த்தார்கள். ஆனால் அங்குள்ள எரவிகுளத்தின் மேட்டுப் புல்வெளி தேயிலைக்கோ வாட்டிலுக்கோ போகாமல் வேட்டைக்கென்று ஒதுக்கப்பட்டே கிடந்தது. 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது இரு மாநிலங்களிலும் இருந்த வரையாடுகள் 2,668. அதில் எரவிகுளத்தில் மட்டும் 841. நீலகிரியில் முக்குருத்தியும் 1990 முதல் தேசியப் பூங்காதான்; ஆனால் அதற்குள் நீலகிரியின் புல்வெளியில் வாட்டில் புகுந்துவிட்டிருந்தது. எரவிகுளத்தின் நிலவமைப்பே வேறு, ஒப்பிடலாமா என்று கேட்கலாம். வேறுதான். ஆனாலும் இரண்டு இடத்திலும் வேட்டைச் சங்கம் இருந்தது, இரண்டு இடத்திலும் விதி இருந்தது. பெரிதாக மாறுபட்டது புல்லுக்கு நேர்ந்ததுதான்.

அப்படியானால் பணம் வாங்கிக்கொண்டு கொஞ்சம் வேட்டைக்கு அனுமதித்தால் பாதுகாப்புக்கு நிதி கிடைக்குமே என்று ஒரு வாதம் வரும். அதற்கு முன்மாதிரியும் உண்டு. பாகிஸ்தானில் முறுக்குக்கொம்பு மலையாடான மார்க்கோருக்கு ஆண்டுக்குச் சில உரிமங்களே ஏலம் போகின்றன. தொகையில் 80 சதவீதம் உள்ளூர் மக்களுக்குப் போகிறது. 2015-இல் அந்த விலங்கு, அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலிலிருந்து இறங்கியது.  அங்கே முக்கிய ஆபத்து கட்டுப்பாடற்ற வேட்டை. அதனால் கட்டுப்பாடான வேட்டை மருந்தானது. இங்கே நோய் வேறு. நீலகிரி தொடங்கிக் குமரி மலைகள் வரை துண்டு துண்டாகச் சிதறிய சிறு மந்தைகளில் ஒவ்வொரு கடாவும் மரபணு வளத்துக்குத் தேவை. போன புல்வெளியை உரிமக் கட்டணம் தானாக மீட்டுத் தந்துவிடாது.

வேட்டைக்காரனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவன் திட்டமிடும் கட்டுப்பாட்டைத்தான். குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. தவிதார் இதற்குச் சான்று. வேட்டைக்காரராக இருந்த அவர் 1970-களில் வரையாடுகளைக் கணக்கெடுத்தபோது கண்ட எண்ணிக்கை சுமார் 2,200. எண்ணும் முறைகள் மாறியிருப்பதால் அதை இன்றைய எண்ணோடு நேராக ஒப்பிட்டுப் பெருகிவிட்டது என்று மகிழ்வது சரியல்ல. அவர் நினைவாக அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக்கிய தமிழக அரசு, 25.14 கோடி ரூபாயில் வரையாடு திட்டமும் நடத்துகிறது. அதன் வெற்றியை ஆட்டின் தலைகளை எண்ணி மட்டும் அளக்கக் கூடாது. எத்தனை ஹெக்டேரில் வாட்டில் நீங்கியது, அங்கே திரும்பி வந்தது ஊர்ப்புல்லா வேறு களையா, பிரிந்த மந்தைகளுக்கு இடையே பாதை திறந்ததா என்ற மூன்று கணக்கையும் எண்ணிக்கையோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.